பிரிவில்லாப் பிரிவு: தமிழ்ப் புதினங்களில் ஆணின் வேட்கைக் குறைவும் அதன் காரணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆணின் பாலியல் விருப்பம் குன்றுதல், விறைப்புக் குறைபாடு, மகப்பேறின்மை ஆகிய மூன்றும் தம்முள் வேறானவை. தமிழ்ப் பொதுவழக்கு இம்மூன்றையும் ‘ஆண்மைக்குறைவு’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. இந்தச் சொற்குழப்பம் புதினங்களின் பாத்திரப் படைப்பிலும் அவற்றைப் பற்றிய திறனாய்விலும் எவ்வாறு செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’, பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய புதினங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உடனிருந்தும் விருப்பம் விலகிய ஆணுக்கு அகமரபில் ஒரு துறை வகுக்கப்படவில்லை என்பதும், அவ்விடத்தை ‘அர்த்தநாரி’ நிரப்புகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஆண்மை, வேட்கைக் குறைவு, மகப்பேறின்மை, பிரிவு, பெருந்திணை, குருதிப்புனல், மாதொருபாகன், அர்த்தநாரி.

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தின் காரிமங்கலம், கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே, பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். குன்றின்மேல் அருணேஸ்வரர் கோயிலும், கீழே வாரச்சந்தையும், சுற்றிலும் மழையை நம்பிய புன்செய் நிலமும் இதன் அடையாளங்கள். இம்மாவட்டத்து ஆடவருள் பலர் கட்டட வேலைக்கும் பிற கூலி வேலைகளுக்கும் பெங்களூர் செல்கின்றனர். சங்க அகப்பாடல்கள் கூறும் பொருள்வயிற் பிரிவு இங்கு நிகழ்கால வாழ்க்கைமுறையாகவே உள்ளது. இவ்வூரில் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி ஒன்றும் உண்டு.

இத்தகைய ஊரில் மணமான இணைக்குக் குழந்தை பிறக்கத் தாமதமானால் கேள்வி முதலில் மருமகளை நோக்கியே எழும். ஆணை நோக்கி எழும்போது அது கேள்வியாக எழாமல் ஏளனமாக எழும். கேள்விக்கு விடை தேடலாம். ஏளனத்துக்கு ஒளியத்தான் இயலும். மகளிர் கல்லூரி வகுப்பறையொன்றில் ‘மாதொருபாகன்’ போன்ற புதினத்தைப் பாடமாக நடத்த நேரும் ஆசிரியர், காளியின் உடலைப் பற்றி எந்தச் சொல்லால் பேசுவார் என்பது கற்பித்தலில் எழும் நடைமுறைச் சிக்கல். அவர் கையாளும் சொல்லே மாணவியர் பின்னாளில் தம் வீட்டிலும் மருத்துவமனையிலும் கையாளும் சொல்லாக அமையக்கூடும். ஆகவே இலக்கியத் திறனாய்வு இச்சிக்கலைச் சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது.

‘ஆண்மை’ என்னும் சொல்லின் சுருக்கம்

‘ஆண்மை’ என்னும் சொல் பழந்தமிழில் ஆளும் தன்மை, முயற்சி, வீரம், பொறுப்பேற்றல் ஆகிய பொருள்களைத் தழுவி நிற்கிறது. வேளாண்மை, தாளாண்மை என்னும் திருக்குறட் சொற்களில் அது உதவுதலையும் முயற்சியையும் குறிக்கும் சொற்களின் உறுப்பாக அமைகிறது. ‘பேராண்மை’ என்னும் சொல்லைத் திருவள்ளுவர் இரண்டு இடங்களில் ஆள்கிறார். படைச்செருக்கு அதிகாரத்தில் (773) அது போர்க்களத்து மறத்தைக் குறிக்கிறது. பிறனில் விழையாமை அதிகாரத்தில் (148) அது பிறன் மனைவியை விரும்பி நோக்காத கட்டுப்பாட்டைக் குறிக்கிறது. பின்னைய இடத்தில் விருப்பத்தை அடக்குதலே ஆண்மையின் உச்சமாகக் கொள்ளப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய வழக்கில் இச்சொல் உடலுறவுத் திறன் என்னும் ஒற்றைப் பொருளுக்குள் ஒடுங்கியுள்ளது. பேருந்து நிலையச் சுவர்களிலும் நாளிதழ்ப் பக்கங்களிலும் தொலைக்காட்சியிலும் இடம்பெறும் மருந்து விளம்பரங்களுக்கு இவ்வொடுக்கத்தில் பெரும்பங்கு உண்டு. பாலியல் இன்பத்துக்கான ஆற்றலைப் பேணுவதாகவோ கூட்டுவதாகவோ கூறி மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடைசெய்கிறது. எழுபதாண்டுகள் கடந்தும் இவ்விளம்பரங்கள் மறையவில்லை. சட்டத்தால் தடுக்க இயலாத ஒன்றை மொழி இங்கு நிலைநிறுத்தியுள்ளது. ‘ஆண்மைக்குறைவு’ என்று சொன்னவுடன் கேட்பவர் மனத்தில் விருப்பமின்மை, இயலாமை, பிள்ளையின்மை ஆகிய மூன்றும் ஒருசேரத் தோன்றுகின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்து என்று விற்பவருக்கு இம்மயக்கம் முதலீடாகிறது.

சொல்லின் மற்றொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். பிள்ளை பெறாத பெண்ணைச் சுட்ட ‘மலடி’ என்னும் சொல்லும் கொங்கு வட்டாரத்தில் ‘வறடி’ என்னும் சொல்லும் ஆழ வேரூன்றியுள்ளன. அதே நிலையிலுள்ள ஆணைச் சுட்ட அவ்வளவு நிலைபெற்ற சொல் வழக்கில் இல்லை. ஆணின் மகப்பேறின்மைக்குத் தனிச்சொல் இல்லாததால் அது ஆண்மையின்மை என்னும் சொல்லுக்குள் புகுத்தப்படுகிறது. பெண் மீது சுமத்தப்படுவது குறை. ஆண் மீது சுமத்தப்படுவது இழிவு. இரண்டும் உண்மைக் காரணத்தைத் தேடவிடாமல் தடுக்கின்றன.

அகமரபில் வகுக்கப்படாத துறை

தொல்காப்பியம் முதலான இலக்கண நூல்கள் தலைவன் தலைவியை நீங்கும் சூழல்களை நுட்பமாகப் பகுத்துள்ளன. ஓதல், பகை, தூது, காவல், பொருள், பரத்தை என அவை விரியும். இவற்றுள் முதல் ஐந்தில் கடமையோ தேவையோ தலைவனின் உடலைப் புறத்தே கொண்டுசெல்கிறது. விருப்பம் தலைவியிடமே உள்ளது. பாலைப் பாடல்களில் பாதி வழியில் நின்று நெஞ்சோடு பேசும் தலைவன் இதற்குச் சான்று. பரத்தையிற் பிரிவில் விருப்பம் திசைமாறுகிறது, குன்றுவதில்லை. ஆகவே மருதத்து ஊடலும் மிகுந்த விருப்பத்தைப் பற்றிய வழக்காகவே அமைகிறது.

அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிற்கும் பெருந்திணையில் இக்குறைவுக்கு இடம் இருக்கக்கூடும் எனத் தோன்றலாம். ஆயின் மடலேறுதல், தெளிவு நீங்கிய காம மிகுதி, வலிந்து நிகழும் காமம் ஆகிய மூன்றும் மிகையையே பேசுகின்றன. நான்காவதாகிய இளமை தீர்திறம் ஒன்றே வேட்கையின் தேய்வுக்கு அருகில் வரக்கூடியது. அதனையும் இளம்பூரணர் தலைவன் தலைவியரிடையே வயது ஒவ்வாமை என்றும், இளமை நீங்கிய பின்னும் அறத்தின்பாற் செல்லாது காமத்தின்பாற் செல்லும் மனம் என்றும் விளக்குகிறார். அங்கும் பழிக்கப்படுவது மிகையே.

இதனால் பெறப்படுவது யாது? வீட்டில் இருக்கும் தலைவன், போரும் பொருளும் பரத்தையும் அழைக்காதபோதும் தலைவியை விரும்பாதிருத்தல் என்னும் நிலைக்கு அகமரபில் துறைப்பெயர் இல்லை. விருப்பம் நீங்கிய ஆணுக்கு மரபு காட்டும் ஒரே மதிப்புமிக்க இடம் துறவு. துறவியாகாத, நோயாளி என்றும் அறியப்படாத இல்வாழ்வான் இலக்கியத்தில் பெயரற்றவனாக நிற்கிறான். இந்நிலையை இக்கட்டுரை ‘பிரிவில்லாப் பிரிவு’ எனக் குறிக்கிறது.

மருத்துவம் காட்டும் வேறுபாடுகள்

புதினங்களை அணுகுமுன் மருத்துவம் செய்துள்ள பகுப்பை அறிதல் வேண்டும். விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரப்பவை லேடிக் செல்கள். விந்தணுக்கள் உருவாவது அதே உறுப்பின் விந்தாக்க நுண்குழல்களில். எனவே வேட்கையும் உடலுறவுத் திறனும் குன்றாத ஆணின் விந்தில் அணுக்களே இல்லாதிருக்கலாம். வேட்கை குன்றிய ஆண் தந்தையாகலாம். இரண்டையும் ஒன்றாகக் கருதுவது நேரடியான தீங்கையும் விளைவிக்கும். வெளியிலிருந்து செலுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோன் மூளையடிச் சுரப்பியின் தூண்டலைத் தணித்து விந்தணு உற்பத்தியைக் குறைக்கிறது. பிள்ளைக்காக ‘ஆண்மை மருந்து’ என்ற பெயரில் அதனைப் பெறுபவர் பிள்ளைப்பேற்றிலிருந்து மேலும் விலகுகிறார். இங்குச் சொற்பிழை உடற்பிழையாக முடிகிறது.

வேட்கை குன்றுதலின் உடற்காரணங்கள் பல. டெஸ்டோஸ்டிரோன் குறைதல், மூளையடிச் சுரப்பிக் கட்டியால் புரோலாக்டின் மிகுதல், தைராய்டுக் குறைபாடு, நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக, கல்லீரல் நோய்கள், தொடர்ந்த மதுப்பழக்கம், உறக்கக் குறைவு ஆகியன அவற்றுள் சில. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் சில மருந்துகளும் வேட்கையைத் தணிக்கின்றன. உளக்காரணங்களாக மனச்சோர்வு, பதற்றம், துயரம், கடன்சுமை, இணையர் இடையே தீராத சினம், முன்னைய தோல்வியால் விளைந்த அச்சம் ஆகியன சுட்டப்படுகின்றன. இவ்விரு வகையும் நடைமுறையில் தனித்து நிற்பதில்லை. நீரிழிவால் ஒருமுறை நேர்ந்த இயலாமை அச்சத்தை விளைவிக்கும். அச்சம் விருப்பத்தைக் குறைக்கும். மறைக்க மது தேடப்படும். மது உடலை மேலும் தளர்த்தும்.

இதனை மருத்துவ வகைப்பாடும் ஏற்றுக்கொண்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, பாலியல் செயற்குறைபாடுகளை உடல் நோயால் விளைந்தவை, அவ்வாறு விளையாதவை எனப் பிரித்து வெவ்வேறு இயல்களில் வைத்தது. 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு அப்பிரிவினையைக் கைவிட்டு, பாலியல் நலம் சார்ந்த நிலைகள் என்னும் தனி இயலின்கீழ் அவற்றைத் தொகுத்தது. உடலா, மனமா என்னும் வினாவே போதாதது என்பது இதன் உட்கிடை. குறைந்த வேட்கை தன்னளவில் நோயாகாது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, ஏறத்தாழ ஆறு மாதமேனும் நீடித்து உரியவருக்குத் துன்பம் தருவதையே குறைபாடாகக் கொள்கிறது.

குருதிப்புனல்: குறை காரணமாக்கப்படுதல்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று அன்றைய கீழத்தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கீழ்வெண்மணியில் ஒடுக்கப்பட்ட மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வுக்கான வேளாண் தொழிலாளர் போராட்டம் அதன் பின்னணி. இந்நிகழ்வைத் தழுவி இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இப்புதினத்தின் நிலக்கிழாரான கண்ணையா நாயுடு பாலியல் இயலாமை உடையவராகப் படைக்கப்பட்டுள்ளார். அதனை மறைக்கும் பொருட்டே பெண் தொடர்புகளை அவர் ஊரறியக் காட்டிக்கொள்கிறார். அவரது வன்மத்தின் வேர் அக்குறையில் வைக்கப்படுகிறது.

வர்க்க, சாதிக் கொடுமையைத் தனிமனித உளச்சிக்கலாகச் சுருக்கிவிட்டது என்னும் எதிர்ப்பு இடதுசாரித் திறனாய்வில் எழுந்தது. அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. கூலி மறுக்கும் நிலவுடைமை ஒரு முழு வட்டாரத்தின் அமைப்பு. அது ஒருவர் உடலுக்குள் அடங்காது. உடற்குறை அற்ற நிலக்கிழார் ஒருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் குடிசைகள் எரிந்திரா என்று வாசகர் கருதுவதற்குப் புதினம் இடம்கொடுக்கிறது. அதிகாரத்தையும் பாலியல் திறனையும் ஒன்றாகக் காணும் ஆணின் மனத்தைத் திறந்துகாட்டவே ஆசிரியர் முயன்றார் என விடையிறுக்கலாம். அதிகாரம் எவ்வளவு உள்ளீடற்றது என்பதைக் காட்டும் ஆற்றல் இப்படைப்புக்கு உண்டு என்பதையும் மறுக்க இயலாது.

இவ்விரு தரப்பும் கவனிக்கத் தவறிய மூன்றாவது கூறு ஒன்று உண்டு. நிலவுடைமைக்கு நேர்ந்த அநீதியைப் பேசும் விவாதத்தில், இயலாமைக்கு நேர்ந்த அநீதி பேசப்படவில்லை. இயலாமை உடைய ஆண் கொடியவனாவான் என்னும் ஊர் நம்பிக்கையைப் புதினம் உசாவாமல் ஏற்கிறது. நாயுடுவின் நிலைக்கு உடற்காரணம் யாது, அவருக்கு வேட்கை உண்டா, வேட்கை இருந்தும் உடல் இசையவில்லையா என்னும் வினாக்களுக்குப் புதினத்தின் அமைப்பில் இடமில்லை. குறை அங்கு விளக்கப்பட வேண்டிய நிலையாக இல்லாமல், மற்றவற்றை விளக்கும் திறவுகோலாக ஆளப்படுகிறது. விளம்பரச் சுவர் செய்யும் சுருக்கத்தையே புதினம் வேறு நோக்கத்துக்காகச் செய்கிறது.

மாதொருபாகன்: வேட்கை உண்டு, பேறு இல்லை

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) விடுதலைக்கு முற்பட்ட கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டது. காளியும் பொன்னாவும் மணமாகிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பிள்ளையற்றவர்கள். அவர்களிடையே உடல்நாட்டம் குன்றவில்லை என்பதைப் புதினம் தொடர்ந்து நிறுவுகிறது. இவ்வகையில் தமிழ்ப் பொதுவழக்கு ஒன்றாக்கிய மூன்றனுள் ஒன்றை இப்புதினம் பிரித்துக்காட்டுகிறது. வேட்கையும் திறனும் உள்ள ஆண் பிள்ளையற்றிருக்கிறான். ஆயினும் ஊரின் கண்ணுக்கு அவன் ஆண்மையற்றவன்.

ஊர் வழங்கும் தீர்வுகள் அனைத்தும் பெண்ணின் உடல்மீதே நிகழ்கின்றன. வேண்டுதல்களும் நோன்புகளும் அவளுக்கு. வறடிக்கல்லைச் சுற்றும் இடரும் அவளுக்கு. காளிக்குக் கூறப்படும் தீர்வு மறுமணம். மறுமணம் செய்தும் பிள்ளை பிறக்காவிடில் தன் குறை உறுதிப்படும் என்னும் அச்சத்துக்கு அங்கு இடமுண்டு. தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் வழக்கத்தின் உள்ளுறையும் இதுவே. காரணம் ஆணிடம் இருக்கலாம் என்பதை ஊர் வாயால் சொல்லாமலே அறிந்திருக்கிறது. அறிந்ததைப் பேசாமல் சடங்கால் கடக்கிறது.

2014 டிசம்பரில் எழுந்த எதிர்ப்பும், 2015 சனவரியில் எழுத்தாளர் அறிவித்த துறப்பும், 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இப்புதினம் பற்றிய உரையாடலைக் கருத்துரிமை, சாதி, சடங்கு ஆகியவற்றின் பக்கம் திருப்பின. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் பொன்னா என்ன செய்தாள் என்பதில் கூடிய கவனம், காளிக்கு என்ன நேர்ந்தது என்பதில் கூடவில்லை. புதினத்துள் ஊர் செய்ததை வெளியே விவாதமும் ஓரளவு திரும்பச் செய்தது.

அர்த்தநாரி: துறை பெறும் பெயரற்ற நிலை

‘மாதொருபாகன்’ காளியின் முடிவைத் திறந்தே விட்டது. அதனின்று இரு வேறு தொடர்ச்சிகளாக ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகியன 2014இல் வெளிவந்தன. ‘ஆலவாயன்’ காளி இறந்த பின்னைய வாழ்வைப் பேசுகிறது. ‘அர்த்தநாரி’யில் காளி உயிர்பிழைக்கிறான், ஆயின் பொன்னாவிடமிருந்து பேச்சையும் தொடுகையையும் விலக்கிக்கொள்கிறான். அவன் ஊரைவிட்டுப் போகவில்லை. போரோ பொருளோ அழைக்கவில்லை. வேறொரு பெண்ணிடமும் செல்லவில்லை. அகமரபு வகுத்த பிரிவுகளுள் எதிலும் அடங்காமல் கூப்பிடு தொலைவிலேயே இருக்கிறான். பிரிவில்லாப் பிரிவு இங்குக் கதைக்களமாகிறது.

முந்தைய புதினத்தில் குறையில்லாத வேட்கை உடையவனாகக் காட்டப்பட்டவனே இங்கு விலகுகிறான் என்பதில் இம்முரணின் ஆற்றல் உள்ளது. உடல் மாறவில்லை, உறவு மாறியுள்ளது. சினம், நம்பிக்கை முறிவு, ஊரின் பார்வை குறித்த கூச்சம், சாவின் விளிம்புவரை சென்று மீண்டவனின் சோர்வு ஆகிய அனைத்தும் அவ்விலகலில் சேர்ந்துள்ளன. இவற்றுள் எது முதற்காரணம் என்று தனித்துச் சுட்ட இயலாதவாறு கதை பின்னப்பட்டுள்ளது. விரும்பாமல் விலகுகிறானா, விரும்ப இயலாமல் விலகுகிறானா என்பதும் ஐயத்துக்குரியதாகவே நிற்கிறது. மருத்துவ வகைப்பாடு பின்னர் வந்தடைந்த காரணப் பன்மையைப் புதினம் தன் வழியில் உணர்த்தியுள்ளது எனலாம்.

‘குருதிப்புனல்’ ஒரு குறையைக் கொண்டு வன்முறையை விளக்கியது. ‘அர்த்தநாரி’ ஊரும் உறவும் இழைத்த வன்முறையைக் கொண்டு ஒரு விலகலை விளக்குகிறது. காரணமும் விளைவும் இடம்மாறியுள்ள இம்மாற்றம் தமிழ்ப் புதினத்தில் ஆண் உடலைப் பற்றிய சிந்தனை அடைந்த வளர்ச்சியைக் காட்டுகிறது. எனினும் இப்புதினத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காளியின் மௌனம் பொன்னாவுக்குத் தண்டனையாகவே விளைகிறது. விருப்பம் விலகிய ஆணின் துயரை எழுதும்போதும் அதன் விலையைப் பெண்ணே செலுத்துகிறாள். காளி தன் நிலையைத் தானே சொல்லில் வைக்கும் ஒரு காட்சி அமைந்திருப்பின் இச்சமனின்மை குறைந்திருக்கும். அவனுக்கு அச்சொல் இல்லை. மொழியிலேயே அது இல்லாதிருந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘ஆண்மைக்குறைவு’ என்னும் சொல் திறனாய்வுக்குரிய கலைச்சொல்லாகாது. வேட்கைக் குறைவு, விறைப்புக் குறைபாடு, மகப்பேறின்மை என மூன்றாகப் பிரித்து ஆள்வதே பாத்திரங்களைச் சரியாக வாசிக்க உதவும். கண்ணையா நாயுடுவையும் காளியையும் ஒரே சொல்லால் குறிக்கும் வாசிப்பு இருவரையும் இழக்கிறது. இரண்டாவது, உடற்காரணம், உளக்காரணம் என்னும் இருமையுள் ஒன்றைத் தேர்ந்து பாத்திரத்தை விளக்கும் முறை போதாதது. மூன்றாவது, உடனிருந்தும் விலகிய தலைவனுக்கு அகமரபில் இல்லாத துறையை இக்காலப் புதினம் படைத்துள்ளது. அதற்குரிய இலக்கணத்தைத் திறனாய்வே இனி வகுக்க வேண்டும்.

இப்பகுப்பின் பயன் வகுப்பறையோடு நிற்பதன்று. பெங்களூரிலிருந்து வார இறுதியில் காரிமங்கலத்தில் பேருந்தை விட்டு இறங்கும் ஆணின் விலகலுக்கு உடற்களைப்பும், உறக்கமின்மையும், மதுவும், கடனும், கண்டறியப்படாத நீரிழிவும், தீர்த்துக்கொள்ளாத சினமும் காரணமாகலாம். அரசு மருத்துவமனையில் சில இரத்தப் பரிசோதனைகளால் தெளியக்கூடியவை இவற்றுள் உண்டு. மனைவியோடு பேசித் தீரக்கூடியவையும் உண்டு. இரண்டுக்கும் முன்னிபந்தனை, இழிவு கலவாத ஒரு சொல். அச்சொல் வாய்க்கும்வரை அவன் மருத்துவரை நாடாமல் விளம்பரச் சுவரையே நாடுவான். அவள் மீண்டும் வறடிக்கல்லைச் சுற்றுவாள்.